சின்னப் பிள்ளைகளோடு காட்டுப் பயணம்: சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கள் அனுபவம்

பள்ளி விடுமுறை விட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் கேமரன் மலைக்குப் போகும், மீதி பினாங்குக்கு. நாங்கள் சில வருடங்களாகக் காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். மூத்தவன் இப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, சின்னவள் பாலர் பள்ளி. ஆரம்பித்தபோது அவன் தத்தித் தத்தி ஓடுகிற வயது, அவள் மடியில். கூட என் மாமியாரும் உண்டு, நான் அத்தை என்று கூப்பிடுவேன். கார் ஓட்டுவது வீட்டுக்காரர், மூட்டை கட்டுவது நான். ஆகவே இது மூட்டை கட்டுகிறவள் எழுதுவது. மலையேறுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், நடந்து பார்க்க வேண்டிய காட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். படகில் உட்கார்ந்து பார்க்கிற காடாகத் தேர்ந்தெடுங்கள். பெயர், புகழ், தூரம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பக்கத்தில் இருக்கிறதே என்று எல்லோரும் சொல்வது தெலுக் பகாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா. 2003-இல் தேசியப் பூங்கா ஆனது, பரப்பளவில் சின்னது. சின்னது என்றதும் சுலபம் என்று நினைத்துவிடுவார்கள். வாசலிலிருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஏற்றமும் இறக்கமுமாக. பெரியவர்களுக்கே சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். மூன்று வயதுப் பிள்ளை கால் மணி நேரம் உற்சாகமாக நடக்கும், அப்புறம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். மீதி வழியெல்லாம் அந்தப் பதினைந்து கிலோவைச் சுமப்பது யார்? அதனால் நாங்கள் அங்கே போகும்போதும் வரும்போதும் படகுதான். கெராச்சுட்டில் ஆமைக் குஞ்சு பொரிப்பு நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்தில், உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்காக நிற்கிற ஏரி இருக்கிறது. என்னை ஈர்த்தது ஏரி, பிள்ளைகளை ஈர்த்தது ஆமை. குரங்குகள் மட்டும் கவனம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், எங்கிருந்தோ வந்துவிடும். தின்பண்டம் எல்லாம் மூடிய முதுகுப் பைக்குள் இருக்கட்டும்.

இத்தனை வருடத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் போனது பெலும். சட்டப்படி அது தேசியப் பூங்கா இல்லை, பேராக் மாநிலப் பூங்கா. 2007-இல் அறிவித்தார்கள், 1,17,500 ஹெக்டர். எங்களுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் முக்கியமில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக் என்று நேராக வடக்கே ஏறினால் காலைச் சாப்பாடு லெங்கோங்கில், மதியச் சாப்பாடு பெலுமுக்குப் படகு ஏறுகிற பண்டிங் தீவில். லெங்கோங்கை வெறுமனே கடந்து போகாதீர்கள். 1991-இல் பேராக் மனிதனின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்த பள்ளத்தாக்கு அது. பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதன். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மூத்தவனுக்கு எலும்புக்கூடு என்ற சொல்லே போதும், கிரிக் வரும் வரை கேள்வி ஓயாது.

முதல் தடவை பெலும் என்றதும் அத்தை முகம் சுளித்தார். "ஏம்மா, காட்டுல வேலை செஞ்சது போதாதா? காசு குடுத்து வேற காட்டுக்குப் போகணுமா?" அவர் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். இன்னொரு காரணமும் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலமே அதிலிருந்துதான் தொடங்கியது. அத்தையின் அப்பா தலைமுறைக்குக் காடு என்றால் ஊரடங்கு, முள்வேலி, பட்டாளம். கிரிக்குக்கு அந்தப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையே கம்யூனிஸ்டுகளின் மிரட்டலுக்கு நடுவில் போட்டு, 1982-இல்தான் திறந்தார்கள். அந்தச் சாலையில் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு உல்லாசமாகப் போவது அத்தைக்கு முதலில் ஒப்பவே இல்லை. இப்போது எங்களுக்கு முன்னால் அவர்தான் பையைக் கட்டி வைக்கிறார்.

கிரிக்கில் காருக்கு எண்ணெயை முழுசாக நிரப்பிக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தண்டாஸுக்கு (கழிப்பறைக்கு) அழைத்துப் போய்விடுங்கள். அதற்கு அப்புறம் ரெண்டுமே சிரமம். இருட்டில் மட்டும் அந்தச் சாலையில் போகவே போகாதீர்கள். 2025 ஜூனில் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் நள்ளிரவுப் பேருந்து விபத்தில் இறந்தது அங்கேதான். அதற்கு ஒரு மாதம் முன்பு, அன்னையர் தினத்தன்று, லாரியில் அடிபட்டு இறந்த குட்டியை விட்டு நகராமல் தாய் யானை லாரியில் தலையை முட்டிக்கொண்டு நின்றதும் அங்கேதான். அந்தக் காணொளியை என் பிள்ளைகளும் பார்த்தார்கள். அதிலிருந்து யானை படம் போட்ட மஞ்சள் பலகையைக் கண்டால் "அப்பா, மெதுவா" என்று இரண்டு பேரும் கத்துகிறார்கள். நான் சொன்னால் கேட்காத மனிதர் அதற்குக் கேட்கிறார்.

பண்டிங் படகுத்துறையிலிருந்து தெமெங்கோர் ஏரியில் படகு. 1970-களின் கடைசியில் அணை கட்டி மூழ்கடித்த காடு அது. செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சின்னப் பிள்ளைக்கு இதைவிட வசதியான காடு இல்லை. உட்கார்ந்தபடியே காடு பக்கத்தில் வருகிறது, காற்று வீசுகிறது, தூக்கம் வந்தால் மடியிலேயே தூங்கலாம். மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன. பத்தையும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால் பைத்தியம்தான் பிடிக்கும். ஒன்று பறந்தாலே சிறகுச் சத்தம் 'உஸ் உஸ்' என்று கேட்கும், பிள்ளைகளுக்கு அது போதும். ரஃப்ளேசியா பூ அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மொட்டாகவே மாதக்கணக்கில் இருந்து, மலர்ந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. எங்களுக்கு ஒரு முறை வாய்த்தது. இலை இல்லை, தண்டு இல்லை, கொடி ஒன்றின் வேரை ஒட்டி உறிஞ்சிக்கொண்டு தரையில் கிடக்கிற பூ. சின்னவள் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "பாட்டி நெத்திலி" என்றாள்.

படகு வீட்டில் இரவு தங்குவதை நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். நண்பர்கள் கூட்டமாகப் போனால் அருமைதான். தவழ்கிற, ஓடுகிற பிள்ளை இருந்தால் நான் வேண்டாம் என்பேன். தளத்தைச் சுற்றிலும் தண்ணீர், கம்பித் தடுப்பு இடுப்பளவு, அதன் இடைவெளியில் பிள்ளை நுழைந்துவிடும். இரவு முழுக்க ஒருவர் காவல் இருக்க வேண்டிவரும். பண்டிங்கில் தரையில் அறை எடுத்து, பகலில் படகில் போய் வருவதே எங்களுக்குச் சரிப்பட்டது. செலவு கொஞ்சம் கூடும். தூக்கம் நிம்மதி.

மிதவைச் சட்டை விஷயத்தில் ஒரு கசப்பும் உண்டு. ஒருமுறை படகுக்காரர் பெரியவர்கள் அளவையே சின்னவளுக்கு மாட்டிவிட்டு "ஓகே லா" என்றார். பிள்ளையைத் தூக்கினால் சட்டை மட்டும் கையோடு வருகிறது, பிள்ளை வரவில்லை. அன்றைக்கு நாங்கள் ஏறவில்லை. காசும் திரும்பி வரவில்லை. கால் இடுக்கில் வார் போடுகிற சின்ன அளவு ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துவிட்டேன். இந்தப் பயணங்களுக்காக நான் வாங்கியதிலேயே உருப்படியானது அதுதான்.

இனி தாமான் நெகாரா என்ற தேசியப் பூங்கா. 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலம். 13 கோடி ஆண்டுப் பழைய காடு என்பார்கள். மூத்தவனுக்கு ஆறு வயது ஆகும் வரை காத்திருந்துதான் அதன் வாசலான கோலா தாஹான் போனோம், காத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் ஊரிலிருந்து தூரம் அதிகம். கேமரன் மலை ஏறி, ரிங்லெட், சுங்கை கோயான், கோலா லிப்பிஸ் என்று குறுக்கே இறங்கினால் கிலோமீட்டர் குறையும் என்று வரைபடம் காட்டும். வீட்டுக்காரருக்கு அந்த வழிமேல் ஆசை. ரிங்லெட் வருவதற்குள் சின்னவள் வாந்தி எடுத்தாள், பின்னாலேயே அத்தை. கோடாலித் தைலம் தேய்த்ததும் அந்த வாடையில் மூத்தவன். இப்போது நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, ரவாங்கில் நாத்தனார் வீட்டில் ஒரு இரவு, மறுநாள் காராக், லான்சாங், தெமெர்லோ, ஜெராண்டுட் என்று போகிறோம். சுற்றுதான். ஆனால் காரைக் கழுவ வேண்டியதில்லை.

லான்சாங் பக்கத்தில் கோலா கண்டா யானைப் பாதுகாப்பு மையம் இருப்பதும் இந்த வழிக்கு ஒரு காரணம். 1989-இல் தொடங்கியது. தோட்டத்திலும் கம்பத்திலும் (கிராமத்திலும்) புகுந்த யானைகளைப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விடுகிற குழு இங்கிருந்துதான் வேலை செய்கிறது. அப்படிப் பிடித்த யானைகளைத் தாமான் நெகாராவிலும் பெலுமிலும் விட்டிருக்கிறார்கள். செம்பனைக் கன்றுகளை யானை ஒரே இரவில் பிடுங்கிப் போட்ட கதையை அத்தை அங்கே நின்று பேரனுக்குச் சொன்னார், பக்கத்தில் நின்ற வேற்றுக் குடும்பத்துப் பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பெரிய பூங்காவுக்குப் போகிற வழியில் இப்படி அரைநாள் நிறுத்தம் இருந்தால், அதுவே பிள்ளைகளுக்குப் பயணமாகிவிடுகிறது.

கோலா தாஹானில் கிராமம் ஒரு கரை, பூங்கா அக்கரை. நடுவே தெம்பெலிங் ஆறு. கடக்க ஆளுக்கு ஒரு ரிங்கிட் கொடுத்தோம். ரொக்கத்தை ஜெராண்டுட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மிதக்கும் சாப்பாட்டுக் கடைகளில் காரம் போடாமல் சோறும் முட்டைப் பொரியலும் கேட்டால் செய்து தருவார்கள். மரக்கிளைகளுக்கு இடையே கட்டிய தொங்கு நடைபாலம்தான் எல்லோரும் படம் எடுத்துப் போடுவது. மூத்தவன் அப்பாவோடு போனான், சின்னவளோடு நான் கீழே இருந்துவிட்டேன். பராமரிப்புக்காக அதை மூடுவதும் உண்டு, அதனால் அதை நம்பி மட்டும் போகாதீர்கள். பிள்ளைகள் இன்றுவரை பேசுவது ஆற்றில் குளித்ததைப் பற்றியும், தாஹான் ஆற்றில் படகிலிருந்து பார்த்த கெலா மீன்களைப் பற்றியும்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும், ஆறு ஏறும். தீபாவளி விடுமுறைக்கு அந்தப் பக்கம் திட்டம் போடாதீர்கள்.

அட்டையைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. பயப்பட ஒன்றும் இல்லை, நோய் பரப்புவதில்லை. கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வழியும், அதைப் பார்த்துத்தான் பிள்ளை அலறும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை பிள்ளைகள் அளவில் கிடைப்பது அரிது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற பந்து விளையாட்டுக் காலுறையை வாங்கி, வெளியே சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் போதும். அத்தை புகையிலையும் சுண்ணாம்பும் கொண்டுவருவார். அதுவும் வேலை செய்கிறது. ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கத்தைச் சுரண்டித் தள்ளிவிடுங்கள்.

காருக்குள் நிலைமை வேறு. ஏழு பேர் உட்காரும் கார் என்று வாங்கினோம், பயணத்தில் அது ஐந்து பேர் கார்தான். 2020 ஜனவரியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை சட்டம். இரண்டு இருக்கைகளை நடுவரிசையில் பூட்டினால் நடுவில் ஒரு தலையணைக்குத்தான் இடம். அத்தைக்கு முட்டி வலி, முன்னால். நான் கடைசி வரிசையில் ஒரு பக்கம், மறுபக்கத்தை மடக்கி மூட்டை. அங்கிருந்து பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற மாதிரி பை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே மாற்றுத் துணி, ஈரத் துண்டு, வாந்திப் பை, இஞ்சி மிட்டாய். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி உட்கார வைத்தால் இரண்டு மணி நேரம் சத்தமே இருக்காது. வளைவுச் சாலைக்கு முன்னால் பால், மைலோ கொடுப்பதில்லை. இட்லியும் வாழைப்பழமும்தான். பெரியவர்களுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும். நெத்திலிச் சம்பல் தனி டப்பாவில், மூடி இறுக்கி.

விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே படகுக்காரரைப் பிடித்துவிடுங்கள். பெலுமுக்கு நுழைவு அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும், பெரியவர்களின் அடையாள அட்டையோடு பிள்ளைகளின் மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) விவரத்தையும் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: பிள்ளை அளவு மிதவைச் சட்டை இருக்கிறதா, படகுக்குக் கூரை உண்டா, மழை வந்தால் முன்பணம் திரும்புமா அல்லது நாள் மாற்றித் தருவாரா. இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் "டோன்ட் வொரி லா" என்பவரிடம் நாங்கள் இப்போது பணம் கட்டுவதில்லை.