நாகர்கோவிலில் ஒரு கட்டுரைப் பயிற்சி வகுப்பு

நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களுக்காக வார இறுதியில் நடைபெறும் இந்த வாதக் கட்டுரைப் பயிற்சியின் சிறப்பு, எழுதும் முன் திட்டமிடக் கற்றுத்தருவதுதான். ‘அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயைச் சீரமைக்க வேண்டும்’ என்று என் மகள் எழுதிச் சென்ற மையக்கருத்தை ஆசிரியர் அப்படியே ஏற்கவில்லை. யார், எந்தப் பகுதியை, எதற்காகச் சீரமைக்க வேண்டும் என்று கேட்டு, அதை ஒரே வாக்கியமாகக் கூர்மைப்படுத்த வைத்தார். பிறகு கூற்று, சான்று, இரண்டையும் இணைக்கும் நியாயம் என்று 1958இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் முன்வைத்த முறைப்படி ஒவ்வொரு பத்திக்கும் குறிப்பெழுதச் செய்தார். கரையில் குடியிருப்போர் வீடிழக்க நேருமே என்ற எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எழுதிய பின்னரே மறுமொழி எழுத அனுமதித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மேடைப்பேச்சைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இப்பழக்கம் மிக அவசியம். சான்று தேடும் முறைக்குத்தான் நேரம் போதவில்லை. மாவட்ட மைய நூலகத்தில் ஒரு வகுப்பை நடத்தினால் அக்குறை தீரும்.