கீமோ நாட்களுக்கு ஒரு ஆடியோ பைபிள் பிளேயர்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் மனைவிக்குத் தினமும் வேதம் வாசித்துக் காட்டுவது என்று பல கணவர்கள் முதல் வாரத்திலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, அடுப்பங்கரை, வேலை என்று ஓடிவிட்டு இரவில் வேதத்தைத் திறக்கும்போது வாசிக்கிறவருக்கே கண் சொருகுகிறது. கேட்கிறவரோ தூக்கம் வராமல் விழித்துக் கிடப்பார். கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அன்றிரவும் மறுநாள் இரவும் தூக்கத்தைக் கெடுக்கும். கையடக்க ஆடியோ பைபிள் பிளேயருக்கு உண்மையான வேலை அந்த இரண்டு இரவுகளில்தான். அதற்காகவே வாங்கலாம்.

போனில் செயலி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு? காரணம் விரல்கள். பேக்ளிடாக்ஸல் என்ற கீமோ மருந்து தொடங்கிய பிறகு பலருக்கு விரல் நுனி மரத்துப்போகும், தொடுதிரை ஏமாற்றும். போனென்றால் நடுநடுவே விசாரிப்பு அழைப்புகளும், யாரோ அனுப்பிய மருத்துவ எச்சரிக்கைச் செய்திகளும் வந்து விழும். அழுத்தினால் ‘டக்’கென்று கையில் உணரக்கூடிய பெரிய பொத்தான்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, 30 நிமிடத்தில் தானாக நிற்கும் டைமர் ஆகிய மூன்றும் உள்ள கருவியைத் தேடுங்கள். திரை இல்லாவிட்டால் குறையில்லை. சோலார் பலகை அதிகம் உதவாது, கீமோ வார்டில் வெயில் கிடையாது. ஆன் செய்ததும் முழுச் சத்தத்தில் ஒரு வரவேற்பு இசை போடும் ரகங்களும் உண்டு. நள்ளிரவில் அது போதும் தூக்கத்தைக் கலைக்க. ஆகவே கடையிலேயே இரண்டு முறை அணைத்துப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

எடை குறைவாக இருக்கட்டும். கழுத்தில் மாட்டும் கயிற்றைக் கழற்றி எறியுங்கள். காறை எலும்புக்குக் கீழே, மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பதிக்கும் போர்ட் வைத்திருந்தால் கயிறு சரியாக அதன்மேல்தான் உரசும். தலையைச் சுற்றி இறுக்கும் ஹெட்போனும் வேண்டாம். முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும்போது தலைத்தோல் தொட்டாலே வலிக்கும். முடி உதிராமலிருக்கக் குளிர்தொப்பி போடுகிறவர்களுக்கு ஹெட்போன் மாட்ட இடமே இருக்காது. வார்டில் காதுக்குள் வைக்கும் சிறிய இயர்போன், வீட்டில் தலையணை ஓரம் ஸ்பீக்கர் என்பதே வசதி. இயர்போன் அவருக்கு மட்டுமானதாக இருக்கட்டும்.

புதுக் கருவியின் ரப்பர் உறை பெரும்பாலும் நெடி அடிக்கும். வாசனை பொறுக்காத நாட்களில் அது குமட்டலைக் கிளப்பிவிடும் என்பதால் உறையைக் கழற்றி இரண்டு நாள் காற்றாட வைத்துவிட்டுக் கொடுங்கள். துணி உறை போடாதீர்கள், துடைக்க முடியாது. கருவியை அணைத்துவிட்டு 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் துடைத்தால் போதும். ஸ்பீக்கர் துளைகளில் நேராகத் தெளிக்கக் கூடாது.

பதிவேற்றுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 64 கேபிபிஎஸ் ஒலியில் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி பிடிக்கும். முழு வேதாகமமும் 8 ஜிபி மெமரி அட்டையில் தாராளமாக அடங்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டைகளைப் பல சிறு கருவிகள் படிக்காது. கோப்புகளுக்கு 1, 2, 10 என்று எண் போட்டால் 1-க்கு அடுத்து 10-ஆம் சங்கீதம் ஓடும். 001, 002, 010 என்று மூன்று இலக்கமாகப் போடுங்கள். 1,189 அதிகாரங்களையும் அப்படியே அவர் கையில் கொடுப்பதைவிட, பத்துப் பன்னிரண்டு கோப்புகள் கொண்ட ஒரு தனி அடைவு (ஃபோல்டர்) பயன்படும். கீமோ காலத்தில் மனம் நீண்ட வாக்கியங்களில் நிற்காது. ரோமருக்கு எழுதின நிருபத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். 6 வசனமுள்ள 13-ஆம் சங்கீதமும் 8 வசனமுள்ள 121-ம் பொருத்தமான நீளம். பின்னணி இசையும் போர்ச் சத்தமும் சேர்த்த நாடக வடிவப் பதிவுகள் அரைத்தூக்கத்தில் திடுக்கிட வைக்கும். ஒரே குரலில் நிதானமாக வாசித்த பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

88-ஆம் சங்கீதத்தைக் கட்டாயம் சேருங்கள். கடைசி வரிவரை இருட்டிலேயே நின்று தேவனிடம் கேட்கும் சங்கீதம் அது. ‘ஏன் எனக்கு?’ என்று மனைவி கேட்கும் இரவில் அவருக்குத் துணை அதுதான். அதன் பின்னால் உடனே ஒரு துதிப்பாடலை ஓடவிட்டு அவர் வாயை அடைக்காதீர்கள். ‘விசுவாசித்தால் மருந்தே வேண்டாம்’ என்னும் சாயலில் ஒரு வரி இருந்தாலும் அந்தப் பிரசங்கத்தை அட்டையில் ஏற்றவே வேண்டாம்.

இனி, விற்பவர்கள் சொல்லாத ஒன்று. கீமோவோடு சேர்ந்து பழகிய வாசனை, காட்சி, சத்தம் எதுவானாலும் பின்னால் அதுவே குமட்டலைக் கொண்டுவரலாம். மருந்து ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதுமே வயிறு புரளுவது இதனால்தான். ஒவ்வொரு கீமோவிலும் 23-ஆம் சங்கீதத்தையே ஓடவிட்டால், சிகிச்சை முடிந்த பிறகும் அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கீமோ நாற்காலியின் நினைவு வந்துவிடும் அபாயம் இருக்கிறது. மனைவி மிகவும் நேசிக்கும் பகுதிகளை வீட்டுக்கென்று ஒதுக்கி வையுங்கள். வார்டுக்கு வேறொரு அடைவு வைத்து ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மாற்கு சுவிசேஷத்தின் கதைகள் இதற்கு நன்றாக இருக்கும்.

வாரந்தோறும் போடும் பேக்ளிடாக்ஸல் ஏற ஒரு மணி நேரம். அதற்கு முன் கொடுக்கும் அலர்ஜி மருந்திலேயே பலர் தூங்கிவிடுவார்கள். தூங்கினால் நிறுத்திவிடுங்கள். விரல் மரத்துப்போவதைக் குறைக்கச் சில இடங்களில் உறைகுளிர்க் கையுறை போடுவார்கள். அப்போது கருவி உங்கள் கையில் இருக்கும். ‘போதும்’ என்பதற்கு ஒரு சைகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், தலையை ஒருமுறை அசைத்தால்கூடப் போதும். நிறுத்தியதும் ஏன் என்று கேட்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். யோபுவின் நண்பர்களும் முதல் 7 நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தவறு செய்தார்கள்.

ரேடியேஷன் அறைக்குள் கருவியும் போகாது, நீங்களும் போக முடியாது. இடது மார்புக்குச் சிகிச்சை என்றால் இதயத்தைக் காக்க மூச்சை இழுத்துச் சுமார் 20 விநாடி அடக்கச் சொல்வது வழக்கம். முந்தைய வாரமே 121-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களை இருவரும் சேர்ந்து கேட்டு மனப்பாடம் செய்துவிட்டால், உதடு அசையாமல் மனதுக்குள் ஒருமுறை சொல்ல அந்த நேரம் சரியாக இருக்கும்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் இந்தக் கருவியைக் கைமாற்றிக் கொடுக்காதீர்கள். கீமோ போட்டு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்த நாட்களில் போனில் ஜெபிக்கட்டும். கைவைத்து ஜெபிக்க வரும் போதகர் முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவட்டும். அபிஷேக எண்ணெயை நெற்றியோடு நிறுத்துங்கள், ஆபரேஷன் காயத்திலும் ரேடியேஷன் படும் தோலிலும் தடவக் கூடாது. உபவாசத்தை நீங்கள் எடுங்கள், அவருக்கு வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து ஜெபித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வண்டியில் ஜெபியுங்கள்.

குறையும் இருக்கிறது. இந்தக் கருவி வந்த பிறகு சில கணவர்கள் அதை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறார்கள். தினமும் வாசித்துக் காட்ட முடியாவிட்டாலும், வாரத்துக்கு ஒரு சங்கீதத்தை உங்கள் குரலிலேயே பதிவு செய்து 000 என்று எண் போட்டு அந்த அடைவில் சேருங்கள். அறைக்கதவை மூடி, போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து வாசித்தால் போதும். இடையில் தடுமாறினால் திரும்பப் பதிவு செய்ய வேண்டியதில்லை.