பலூன் நுரையீரலும் ஆட்டு நுரையீரலும்: வகுப்பில் ஏழு வருடம் ஓட்டிப் பார்த்தவை

பலூன் நுரையீரலை நுரையீரலின் மாதிரி என்று காட்டுவதை நிறுத்திவிட்டேன். பெரிய தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து, மூடியில் ஓட்டை போட்டு ஸ்ட்ரா செருகி, உள்ளே இரண்டு பலூன் கட்டி, அடியில் இன்னொரு பலூனைக் கிழித்து இழுத்துக் கட்டினால் அது உதரவிதானம், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசைத் தடுப்பு. எல்லா ஊரிலும் செய்வதுதான். நானும் ஏழு வருடம் செய்தேன், கண்காட்சிக்கு வந்த பெற்றோர் ஒவ்வொரு முறையும் ஆசையாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் நுரையீரலை வெட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டால், "ஒண்ணும் இருக்காது டீச்சர், காத்துதான்" என்கிறார்கள். அது அவர்கள் தப்பு இல்லை, நான் காட்டியதைத்தான் சொல்கிறார்கள்.

காரைக்குடிப் பக்கத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். ஆய்வகத்தில் இருப்பது ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் கண்ணாடிச் சாமான், ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. மீதியெல்லாம் வீட்டிலும் கடையிலும் கண்மாயிலும் எடுத்தவை. எது நின்றது, எது ஒரே வருடத்தில் குப்பைக்குப் போனது என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நிறையப் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

பலூனுக்குப் பதில் இப்போது ஆட்டு நுரையீரல். கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், மூச்சுக்குழாயோடு சேர்த்து, கத்தி படாமல் வேண்டும் என்று. ஒரு கீறல் விழுந்தால்கூட காற்று நிற்காது. குழாயில் சைக்கிள் பம்பின் ரப்பரைச் செருகி நூலால் இறுக்கிக் கட்டி மெதுவாக அடித்தால், சுருங்கிக் கிடந்த கருஞ்சிவப்புத் துண்டு ஒவ்வொரு மடலாக எழும்பி இளஞ்சிவப்பாக மாறும். வாயால் ஊத விடாதீர்கள், நீங்களும் ஊதாதீர்கள். அப்புறம் ஒரு துண்டு நறுக்கி விரலால் அழுத்தினால் வெட்டிய முகத்தில் நுரை பொங்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும், பக்கத்தில் போட்ட ஈரல் துண்டு மூழ்கிவிடும். நுரை ஈரல் என்று பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் சொன்னால் போதும், காற்று நுண்ணறை (நுரையீரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய காற்றுப் பை) என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை. பழைய பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகு அதைக் கையில் கொடுத்து, எங்கெங்கே பொய் சொல்கிறது கண்டுபிடி என்கிறேன். போன வருடம் ஒரு பெண், உதரவிதானம் சும்மா இருக்கும்போது மேல்நோக்கிக் குவிந்திருக்கும், மூச்சை இழுக்கும்போதுதான் தட்டையாகும், இங்கே ரப்பர் சும்மா இருக்கும்போதே தட்டையாக இருக்கிறதே என்றாள். விலா எலும்பு அசையவில்லை, பலூனுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் இவ்வளவு இடம் எப்படி என்று அடுத்தடுத்து வந்தது. ஏழு வருடத்தில் அந்தப் பாட்டில் நன்றாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

இதயமும் அப்படித்தான், ஆனால் அதில் தொல்லை அதிகம். கறிக்கடைக்காரர்கள் பழக்க தோஷத்தில் மேலே உள்ள குழாய்களை எல்லாம் சீவிவிட்டு, உறைந்த ரத்தத்தை எடுக்க நடுவில் ஒரு கீறும் போட்டுத்தான் தருவார்கள். முதல் இரண்டு வருடம் ஆரிக்கிளே, அதாவது மேலறையே, இல்லாத இதயத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். இப்போது கடைக்காரர் பழகிவிட்டார், "டீச்சருக்கு முழுசு" என்று தனியாக எடுத்து வைக்கிறார். ஐந்து பேருக்கு ஒரு இதயம். வெட்டுவதற்கு முன்னால் செய்யும் ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் வருடக் கடைசி வரை பேசுவது இதைப் பற்றித்தான். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியை ஒரு விரற்கடை நீளம் விட்டு வெட்டி, இதயத்தை நிமிர்த்திப் பிடித்து, அதற்குள் டம்ளரால் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். எல்லாரும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் என்றுதான் நினைப்பார்கள். இறங்காது, குழாயிலேயே நிற்கும். எட்டிப் பார்த்தால் மூன்று சிறு பைகள் தண்ணீர் நிரம்பி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வழியை அடைத்திருப்பது தெரியும். அரைச்சந்திர வால்வு என்று கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்த காலத்தில் எனக்கே அது புரிந்திருந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. பிறகு வெட்டி, இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுவரையும் வலது சுவரையும் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்க்கச் சொன்னால் எது உடம்பு முழுவதும் ரத்தத்தைத் தள்ளுகிறது, எது பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது என்று விரலே சொல்லிவிடும்.

இதில் நாள் பார்க்க வேண்டும், விளையாட்டாகச் சொல்லவில்லை. புரட்டாசி பிறந்தால் பாதி வீட்டில் கவிச்சி கிடையாது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, அது கழிந்தால் தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரைக்கு மாலை, எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது நடப்பார்கள். மாலை போட்ட பிள்ளையை ஆட்டு இதயத்தின் முன்னால் நிறுத்துவது சரியில்லை. அதனால் ஆவணிக்குள் முடித்துவிடுகிறேன். சைவ வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை, அவர்கள் குறிப்பெடுப்பார்கள், பெரும்பாலும் படம் அவர்கள் வரைந்ததுதான் தெளிவாக இருக்கும். கையுறை, சோப்பு, முடிந்ததும் தென்னை அடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது, இதில் எதையும் விடக்கூடாது.

மழைக்காலத்துக்கு, ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வருவதைக் காட்ட, வேலம்பாசி, அதாவது ஹைட்ரில்லா. குடிதண்ணீர் ஊருணியில் கால் வைக்கக்கூடாது என்பது இங்கே ஊர்க்கட்டுப்பாடு, அதனால் ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்த பிறகு அங்கிருந்து எடுக்கிறோம். புனலுக்குப் பதில் பாட்டிலின் மேல்பாதி, தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. பாடநூலில் உள்ளபடி வாயு சேர்ந்ததும் தணல் உள்ள குச்சியை நீட்டினால் பற்றி எரியும் என்பதை நம்பி வகுப்பில் செய்து காட்டப் போகாதீர்கள். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்து, சோதனைக்குழாய் நிறைய வாயு சேர்ந்தால்தான் நடக்கும், அதுவும் எனக்கு ஐந்துக்கு மூன்று முறை ஏமாற்றமே. இப்போது குமிழி எண்ணுகிறோம். தண்டைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டி, வெட்டிய முனையை மேலே வைத்தால் அங்கிருந்து குமிழி வரிசையாக வரும். வீட்டு வளவில் நடு முற்றத்து வெயிலில் ஒன்று, அதைச் சுற்றியுள்ள பத்தியின் (தாழ்வாரத்தின்) நிழலில் ஒன்று, இரண்டாம் கட்டின் இருட்டில் ஒன்று என்று மூன்று பாட்டில் வைத்துவிட்டு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணச் சொன்னேன். மேகம் வந்து முற்றம் மங்கியதும் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது, மேகம் விலகியதும் ஏறியது. நான் திட்டமிடாத அந்தப் பத்து நிமிடத்தை இரண்டு பையன்கள் தாங்களாகவே வரைபடமாகப் போட்டு வந்தார்கள்.

நுண்ணோக்கி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நுண்ணோக்கி, நாற்பது பிள்ளைகள், ஆளுக்குப் பத்து விநாடி. எல்லாரும் "தெரியுது டீச்சர்" என்பார்கள். ஒரு வருடம், பார்த்ததை உடனே வரை என்றேன், பாதிப்பேர் சொந்தக் கண் இமை முடியை வரைந்திருந்தார்கள். ஃபோல்ட்ஸ்கோப் வந்த பிறகுதான் இந்த நிலை மாறியது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்து 2014-ல் அறிவித்த காகித நுண்ணோக்கி அது, மடித்துச் செய்வது, சிறு குண்டு லென்ஸ், 140 மடங்கு பெரிதாக்கும், இரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அளவு வரை பிரித்துக் காட்டும். பாக்டீரியா பார்க்க ஆசைப்படாதீர்கள். வெங்காயத் தோல், இலைத்துளை, மகரந்தம், வைக்கோல் ஊறிய தண்ணீரில் நான்கைந்து நாளில் ஓடித் திரியும் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரி, இதற்கெல்லாம் தாராளம். காந்தத்தால் போன் கேமராவில் ஒட்ட வைத்தால் வகுப்பே பார்க்கலாம். நீண்ட நாள் பயன்பாட்டில் குறைகளும் உண்டு: லென்ஸில் விரல் எண்ணெய் பட்டுப் பட்டு மங்கும், இரண்டாம் வருடத்தில் மடிப்புகள் தளர்ந்து, குவியம் பிடித்த இடத்தில் நிற்காது. பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைக்கிறேன், மடிப்பில் டேப் ஒட்டுகிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது. வெங்காயத்தில் சின்ன வெங்காயம் உதவாது, பெரிய வெங்காயத்தின் உட்புறத் தோல்தான் கிழியாமல் வரும். நிறமேற்ற பீட்ரூட் சாறு, மஞ்சள் எல்லாம் போட்டுப் பார்த்துக் கைவிட்டேன், மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு போதும், உட்கரு பழுப்பாகத் தெரியும். இலைத்துளைக்கு நிறமில்லா நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செலோடேப்பால் உரித்துப் பார்க்கலாம். செம்பருத்தி இலையில் கீழ்ப்புறம் நிறைய இருக்கும். கண்மாயில் மிதக்கும் அல்லி இலையில் மேல்புறம்தான். ஏன் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம், அவர்களே கேட்பார்கள்.

ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம், இலையில் ஸ்டார்ச் சோதனைக்காகப் பச்சையத்தை நீக்க, ஸ்பிரிட் இருந்த டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, அடியில் அடுப்பை எரியவிட்டிருந்தேன். ஆவி தீயைப் பிடித்து டம்ளர் வாயில் நீலச் சுடர் எழும்பியது. ஈரச் சாக்கைப் போட்டு மூடியதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் முன் வரிசையில் இருந்த பெண்ணின் பின்னல் அந்தச் சுடரிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. அன்றிலிருந்து அந்தச் சோதனையில் நெருப்பே கிடையாது. ஸ்பிரிட்டில் உள்ள எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், அதனால் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டு வரும் வெந்நீரே போதும். கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டும்.

வாழைப்பழ டிஎன்ஏ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உப்பு, பாத்திரம் துலக்கும் திரவம், குளிர்ந்த ஸ்பிரிட் போட்டால் வெள்ளையாக நூல் மாதிரி திரண்டு வரும், உண்மைதான். ஆனால் பழத்தின் பெக்டினும் (பசை மாதிரியான பொருள்) ஸ்பிரிட்டில் திரளும் என்பதையும் சொல்லிவிடுங்கள், கண்ணில் படுவது எல்லாம் டிஎன்ஏ என்று நினைத்துவிடக்கூடாது. தெர்மாகோல் செல் மாதிரிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வருடம் தாங்காது, எறும்பும் தூசியும்தான் மிச்சம்.

மாதிரிகளில் நான் இன்றும் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி கொட்டான், அதாவது ஓலைக்கூடை, பின்னுவார். சாயம் போட்ட பனையோலையில் டிஎன்ஏ ஏணி செய்து தர முடியுமா என்று கேட்டேன். டிஎன்ஏவின் நான்கு காரங்களுக்கு நான்கு நிற ஓலை, அடினினுக்கும் தைமினுக்கும் நடுவில் இரண்டு முடிச்சு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் நடுவில் மூன்று. ஆள் உயரத்துக்குப் பின்னிக் கொடுத்தார், உத்தரத்தில் தொங்கவிட்டேன். அடுத்த வாரமே ஒரு பையன் புத்தகப் படத்தைப் பக்கத்தில் பிடித்து, முறுக்கு எதிர்ப்பக்கம் போகிறதே என்றான். ஆமாம், இடது முறுக்கு. எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று ஆச்சி கேட்டபோது எப்படி வேண்டுமானாலும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். "அதை முதல்லயே சொல்லக்கூடாதா ஆத்தா" என்றவர், திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் பிரித்து வலது பக்கமாக முறுக்கிக் கட்டினார். ஆறாவது வருடமாகத் தொங்குகிறது, ஒரு ஓலை பிரியவில்லை.

ஏதாவது ஒன்றை மட்டும் முதலில் செய்து பார்க்க நினைத்தால் சுண்ணாம்பு நீரில் ஆரம்பியுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால், காலையில் மேலே தெளிந்து நிற்கும், கலக்காமல் அதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவின் மேல்பகுதியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் யாராவது தவறி உறிஞ்சினாலும் வாய்க்கு ஏறாது. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு சுமார் நான்கு சதவீதம், வெளிக்காற்றில் 0.04 தான், அந்த வித்தியாசம் ஒரு நிமிடத்துக்குள் பால் நிறமாகக் கண் முன் வரும். மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்தவனை ஊதச் சொன்னால் இன்னும் சீக்கிரம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த நம் வீட்டுச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகியதும் இதே வினைதான் என்று சொன்னேன், சாயங்காலம் பலர் சுவரைத் தடவிப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தான். "டீச்சர், மறுபடி தெளிஞ்சிருச்சு!" கரியமில வாயு மிகுந்தால் கரையாத கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிடும். அதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் மறுபடி சுண்ணாம்பு கரைத்து வைத்தேன், நாற்பது பேரும் தெளியும் வரை ஊதினார்கள்.