தாய்ப்பால் பம்ப்: கொதிநீரா, நீராவியா?

தாய்ப்பால் பம்பின் பாகங்களைக் கிருமிநீக்கம் செய்யக் கொதிநீரே மேலா, நீராவியா என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இரண்டுமே கழுவுதலுக்கு மாற்றல்ல என்பதுதான். 2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்குக் குரோனோபேக்டர் கிருமியால் மூளையுறை அழற்சி வந்தபோது, பம்பிலும் எடுத்துவைத்த பாலிலும் மட்டுமன்றிச் சமையலறைத் தொட்டியின் வடிகாலிலும் அதே கிருமி இருந்தது. பாகங்களைத் தேய்க்காமல் சோப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு முறை பால் எடுத்த பின்பும், பால் பட்ட பாகங்களைக் கழற்றி ஓடும் நீரில் அலசி, இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் தனித் தூரிகையால் சோப்பிட்டுத் தேய்க்க வேண்டும்.

அதன் பிறகே ஒப்பீடு. கொதிநீருக்குத் தனிக் கருவி தேவையில்லை. பாகங்கள் முழுவதும் மூழ்கியபடி 5 நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் பாத்திரத்தின் அடியைத் தொடும் பிளாஸ்டிக் நெளியக்கூடும். தூக்கக் கலக்கத்தில் அடுப்பை மறந்தால் நீர் வற்றிப் பம்பே உருகிவிடும். நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் மின் ஸ்டெரிலைசரோ மைக்ரோவேவ் பையோ இந்தக் கவலையைத் தராது. மாறாக, பாகங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் நீராவி உள்ளே புகாது. உடனே திறந்தால் கை வெந்துவிடும். இரவில் தனியாகச் சமாளிப்பவருக்கு நீராவியையே பரிந்துரைப்பேன்; பயணத்தில் கொதிநீரை நம்பலாம். வெந்நீரில் கழுவிச் சூட்டில் உலர்த்தும் டிஷ்வாஷர் இருந்தால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் பாகங்களுக்கு இரண்டுமே தேவையில்லை. பிளீச் கரைசல், சூடாக்க வழியே இல்லாதபோது மட்டும்.

இரண்டு மாதத்திற்கு உட்பட்ட, குறைமாதத்தில் பிறந்த, அல்லது நோய் எதிர்ப்பு குன்றிய குழந்தைகளுக்கு நாளுக்கு ஒருமுறையாவது கிருமிநீக்கம் வேண்டும். வளர்ந்த, நலமான குழந்தைக்கு அது அன்றாடக் கட்டாயமல்ல.

எந்த வழியானாலும், பயன்படுத்தாத சுத்தமான துண்டின் மேல் பரப்பிக் காற்றில் முழுதாக உலரவிட வேண்டும். பாத்திரம் துடைக்கும் துணியால் துடைத்தால் செய்த வேலை வீண். காற்றுக் குழாயின் கதை வேறு: அதைக் கொதிக்கவைப்பதைவிட, உள்ளே ஈரத்துளி தெரிந்தால் பம்பைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு உலர்த்துவது மேல். பூஞ்சை தென்பட்டால் கழுவிப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய குழாய் மாற்றுங்கள்.