துளிர், டிங்கிள், காமிக்ஸ், பேப்பர் இணைப்பு: பசங்களுக்கு எதுக்கு சந்தா கட்டலாம்?

ஜூன்ல ஸ்கூல் தொறந்துட்டா போதும், வேலூர் சத்துவாச்சாரில எங்க தெரு அம்மாங்க எல்லாரும் பசங்களுக்கு எந்த பத்திரிகை வாங்கலாம்னு ஆரம்பிச்சுடுவாங்க. அதுல முக்காவாசி பேர் "ஜி.கே. நெறைய இருக்கணும், பரிட்சைக்கு உதவணும்"னு சொல்லித்தான் கேக்கறாங்க. எனக்கு அங்கதான் ஒத்துவராது. பாடப்புத்தகத்தோட இன்னொரு பாடப்புத்தகம் எதுக்கு? யாரும் சொல்லாம பிள்ள தானா எடுத்து பொரட்டற பத்திரிகைதான் மொதல்ல வேணும், பொரட்ட ஆரம்பிச்சுட்டா அறிவு பின்னாடியே வந்துடும். இந்த ஒரே அளவுகோல வச்சுத்தான் எல்லாத்தையும் பாக்கறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, நாம படிச்சத தேடிட்டு அலையாதீங்க. 1947ல ஆரம்பிச்ச அம்புலிமாமா இப்போ வர்றதில்ல, 1972ல ஆரம்பிச்சு அழ. வள்ளியப்பா ஆசிரியரா இருந்த கோகுலம் அச்சுல நின்னாச்சு, சுட்டி விகடனும் நின்னாச்சு. இது நெஜமாவே பெரிய இழப்பு, எட்டு ஒம்பது வயசு தமிழ் பிள்ளைக்குனு இருந்த நல்ல நல்ல பத்திரிகைங்க ஒண்ணுபின்னால ஒண்ணா போயிடுச்சு. யார் வீட்லயாச்சும் பரண்ல அம்புலிமாமா பைண்டு வால்யூம் கெடந்தா எடைக்கு போட்டுடாதீங்க, வேதாளத்த தோள்ல போட்டுட்டு கையில கத்தியோட விக்கிரமாதித்தன் நடந்துபோற ஓவியர் சங்கர் வரைஞ்ச அந்த படத்த இன்னிக்கு பிள்ளைங்க முன்னாடி விரிச்சு வச்சாலும் அப்படியே உக்காந்துடுதுங்க.

சரி இப்போ வர்றதுல என் மொதல் ஓட்டு துளிருக்கு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987லேர்ந்து நடத்தற மாத இதழ். வழவழ காகிதம், பக்கத்துக்கு பக்கம் கலர்னு எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க, கடையில டிங்கிள்ங்கற இங்கிலீஷ் படக்கதை பத்திரிகை பக்கத்துல வச்சா பிள்ள கை கண்டிப்பா டிங்கிளுக்குத்தான் போகும். ஆனா உள்ள இருக்கற எழுத்து பிள்ளைய மதிக்குது, அதான் எனக்கு புடிச்சது. "இதான் விடை, மனப்பாடம் பண்ணிக்கோ"னு சொல்லாம ஏன் எப்படினு யோசிக்க வைக்குது, வீட்ல இருக்கற டம்ளர், மெழுகுவத்தி, பலூன் மாதிரி சாமான வச்சு செஞ்சு பாக்கற சோதனை வருது. என் பெரியவ ஆறாவது, அவ மொதல்ல பொரட்டறது கேள்வி பதில் பக்கம்தான், அப்புறம் அந்த கேள்வியே எங்களுக்கு திரும்பி வரும், சாப்பிடறப்போ. இன்னொரு விஷயம், நம்ம வடாற்காட்டு பிள்ளைங்களுக்கு அறிவியல் எங்கயோ அமெரிக்காவுல நடக்கற சமாச்சாரம் இல்ல. வாணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலையில காவலூர் வானாய்வகம் இருக்கு, 2.3 மீட்டர் தொலைநோக்கி வச்சிருக்காங்க, 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குனு தெரிய வந்தப்போ அத பாத்து பதிவு பண்ண இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. துளிர்ல வானியல் கட்டுரை வர்ற மாசம் இத சேத்து சொல்லிப் பாருங்க, பிள்ளைக்கு கண்ணு விரியும். ஒரே குறை, அஞ்சாவதுக்கு கீழ இருக்கற பிள்ள தனியா படிக்க முடியாது, சில கட்டுரை கொஞ்சம் கனம்தான், பக்கத்துல உக்காந்து படிச்சு காட்டணும். அதுக்கு நேரமில்லாதவங்க ரெண்டு வருஷம் பொறுத்து வாங்குங்க.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க வீட்ல எல்லாரும் வாங்கறது டிங்கிள். 1980ல ஆனந்த் பை ஆரம்பிச்சது, அதுல வர்ற அசட்டு சுப்பாண்டிய தெரியாத பிள்ள இல்ல. அதுல அறிவு கம்மின்னு சில பேர் ஒதுக்கறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். இங்கிலீஷ் எழுத்த பாத்தாலே பயப்படற பிள்ளைய ரெண்டு பக்கத்துக்கு சிரிக்க வச்சு இழுத்துட்டு போறது சாதாரண வேலையா? மூணாவது படிக்கற என் சின்னவன் இங்கிலீஷ் ரீடர தொடவே மாட்டான், சுப்பாண்டிய எழுத்துக்கூட்டியாவது முடிச்சுடுவான். சம்பக் இன்னும் சின்ன பிள்ளைக்கு, மிருகங்க பேசற கதைங்க, தமிழ்லயும் போட்டிருக்காங்க. ஆனா எனக்கு கதை முடிவுல நீதி சொல்லி சொல்லி அலுப்பு வருது, ஆறு ஏழு வயசுக்கு மேல ஓடாது.

காமிக்ஸ்னா நமக்கு சிவகாசிதான், 1972லேர்ந்து முத்து, 1984லேர்ந்து லயன். நல்ல தாள்ல கலர்ல வருது, வெலையும் அதுக்கேத்த மாதிரி. பாதி வாசகருங்க நம்ம வயசு ஆம்பளைங்கதான், டெக்ஸ் வில்லர் மாதிரி கௌபாய் கதை எல்லாம் துப்பாக்கி சண்டை, எட்டு வயசுக்கு வேணாம். சிரிப்பு கௌபாய் லக்கி லூக் வர்ற புக்க மட்டும் பாத்து எடுங்க, கட்டத்துக்குள்ள இருக்கற வசனத்த படிச்சு படிச்சே தமிழ் வேகமா வாசிக்க வந்த பிள்ளைங்கள பாத்திருக்கேன்.

பெருசா காசு செலவு வேணாம்னா பேப்பர் இணைப்பு. தினமலர் சிறுவர்மலர், தினத்தந்தி தங்கமலர், தினமணி சிறுவர்மணி, இந்து தமிழ் மாயாபஜார். எனக்கு மாயாபஜார் ஒரு படி மேல, சிறுவர்மலர்ல படக்கதையும் பிள்ளைங்க அனுப்பற படமும் இருக்கறதால சின்னதுங்களுக்கு அதான் புடிக்குது. எங்க பேப்பர் போடற அண்ணன் கிட்ட இணைப்பு வர்ற நாளுக்கு மட்டும் வேற பேப்பர் போட முடியுமான்னு கேட்டேன், "இன்னாம்மா, ஒரு நாள் தானே, போட்டுட்டா போச்சு"ன்னாரு. இந்த வழி பல பேருக்கு தெரியறதில்ல. மாசத்துக்கு ஆகற காசு ஒரு டீக்கடை கணக்குதான். ஆனா இணைப்பு மறுநாளே பழசாகி பஜ்ஜிக்கு எண்ணெய் உறிய போயிடும், பத்திரிகைனா பிள்ள அடுக்கி வைக்கும், திரும்ப எடுக்கும். அந்த திரும்ப எடுக்கறதுலதான் வாசிப்பே இருக்குனு நான் நெனைக்கறேன்.

அரசு பள்ளி பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல விஷயம் நடந்துட்டு இருக்கு, பேச ஆள் இல்ல. பள்ளிக்கல்வித்துறையே 4, 5 வகுப்புக்கு ஊஞ்சல், 6லேர்ந்து 9 வரைக்கும் தேன்சிட்டுனு பத்திரிகை போட்டு இலவசமா ஸ்கூலுக்கு அனுப்பறாங்க. குடியாத்தத்துல எங்க அக்கா பொண்ணு அரசு பள்ளி, அவ கொண்டாந்து காட்டினப்போதான் நான் முழுசா பாத்தேன். படம், அச்சு, தாள் எதுலயும் குறை சொல்ல முடியாது, காசு குடுத்து வாங்கறதுக்கு சமமா இருக்கு. முக்கியமா பிள்ளைங்க எழுதினது, வரைஞ்சது எல்லாம் போடறாங்க. எங்கயோ ஒரு கிராமத்து ஸ்கூல் பிள்ள பேரு அச்சுல வர்றத பாத்துட்டு "சித்தி, நானும் எழுதி அனுப்பட்டா?"ன்னு கேட்டா பாருங்க, எந்த ஜி.கே. புக்கும் ஒரு பிள்ளைய அப்படி கேக்க வைக்காது. அரசு பள்ளி பெற்றோர் யாராச்சும் இத படிச்சா பிள்ள கிட்ட கேளுங்க, பத்திரிகை ஸ்கூல் பீரோவுலயே இருந்தா டீச்சர் கிட்ட மரியாதையா கேட்டு வகுப்புக்கு வர வைங்க.

நம்ம பக்கம் இன்னொரு கணக்கும் இருக்கு. காட்பாடி, குடியாத்தம் பக்கம் நெறைய வீட்ல தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடியில உருது. அந்த பிள்ளைங்களுக்கு தமிழ் ஸ்கூல்ல மட்டும் வர்ற பாஷை, அதனால எடுத்ததும் துளிர் குடுத்தா கஷ்டப்படும். படம் அதிகமா இருக்கற சிறுவர்மலர், ஊஞ்சல், இல்லனா தமிழ் சம்பக்னு ஆரம்பிங்க. பள்ளிக்கல்வித்துறையோட வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறனு நாலு படியா சின்ன சின்ன புக் போட்டிருக்காங்க, அதுல நுழை, நட ரெண்டும் இதுக்கு ரொம்ப பொருத்தம்.

ஆக நாலாவது வரைக்கும் பேப்பர் இணைப்பும் டிங்கிளும், அஞ்சாவதுலேர்ந்து துளிர். ரெண்டுக்கும் காசு இல்லனா டிங்கிள விட்டுட்டு துளிர வச்சுக்குவேன், ஏன்னா டிங்கிள் பழைய புக் கடையிலயோ சொந்தக்காரங்க வீட்லயோ எப்படியாச்சும் கெடைச்சுடும், துளிர் அப்படி கெடைக்காது. வருஷ சந்தா கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இதழ் தனியா வாங்கி, ஒண்ணும் சொல்லாம டிவி பக்கத்துல போட்டுட்டு ஒரு வாரம் விட்டுப் பாருங்க, நூலகத்துல வந்தா அங்கயே ஒக்கார வச்சு பாக்கலாம். நான் ஒரு பத்திரிகைக்கு நேரா வருஷ சந்தா கட்டி பாதி இதழ் வராமலே போச்சு, போன் பண்ணா எடுக்கக்கூட ஆள் இல்ல. கட்டறப்போ முகவரியில அப்பா பேரு வேணாம், பிள்ள பேர போடுங்க. தபால்காரர் அவங்க பேர சொல்லி கூப்பிட்டா ஓடிப்போய் வாங்கறதும் அவங்கதான், உறைய கிழிக்கறதும் அவங்கதான்.