நைரோபியில் ஒரு மிஷன் விருந்தினர் இல்லம்: தங்கியவரின் மதிப்புரை

தென் சூடானில் கிறிஸ்தவ நிவாரண அமைப்புகளில் பணிபுரிவோர் சில மாதங்களுக்கு ஒருமுறை ஓய்வுக்காக நைரோபிக்கு வருவது நெடுநாள் வழக்கம். மார்ச் மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் தலைநகர் ஜூபாவின் வெயிலிலிருந்து கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரில் இறங்கினால் அன்றிரவே போர்வை தேவைப்படும். இப்படி வருவோருக்காகத் திருச்சபைகளும் மிஷன் அமைப்புகளும் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் இங்கே பல உண்டு. அவற்றுள் நான் வழக்கமாகத் தங்கும் இல்லத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

அறைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில், கொசுவலை, ஒரு மேசை, வேதாகமம், அவ்வளவுதான். வெந்நீர் சூரிய ஒளியில் சூடாவது என்பதால், தாமதமாக எழுபவர் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். சுவர்கள் மெல்லியவை, பக்கத்து அறைக்காரர் தம் வீட்டாரோடு பேசுவதில் ஒரு சொல் கூட நமக்குத் தப்பாது. இரவு பத்து மணிக்கு வாயிற்கதவு பூட்டப்படும். இதே வாடகைக்கு இதைவிட வசதியான விடுதி நகரில் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் இங்கேயே வருவதற்குக் காரணம் சாப்பாட்டுக் கூடத்தில் கிடக்கும் நீண்ட மேசை. தனியாக உட்கார்ந்து உண்ண இங்கே வேறு இடமில்லை. மாலை மணி அடித்ததும் எல்லாரும் பெஞ்சுகளில் நெருங்கி அமர, அன்றைக்குக் கைகாட்டப்பட்டவர் தம் தாய்மொழியில் ஜெபிக்க வேண்டும். நான் தமிழில் ஜெபித்து முடிக்கும் இடத்தை எப்படியோ கண்டுகொண்டு, எதிரே இருந்த, தென் சூடானின் டிங்கா இனத்துப் போதகர் எல்லாருக்கும் முன்னதாக உரத்த குரலில் ஆமென் சொன்னார். உகாலி என்னும் மக்காச்சோள மாவுக் களி, நறுக்கி வதக்கிய சுக்குமா கீரை, மக்காச்சோளத்தோடு சேர்த்து வேகவைத்த பயறு ஆகியவை பெரும்பாலும் உணவாக இருக்கும். பாலும் தேயிலையும் ஒன்றாகக் கொதித்த தேநீருக்குக் குறைவே இராது. காரம் வேண்டுவோர் ஊறுகாய்ப் பாட்டிலைக் கையோடு கொண்டுவருவது நல்லது. ஆனால் அதை மேசையில் வைத்துவிட்டால் திரும்ப நம் கைக்கு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இம்மேசையில் புதியவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதே. மலக்கால், போர் (Bor), டோரிட் என்று தென் சூடானின் ஊர்ப்பெயர் ஒன்றைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் கேட்பவருக்கே விளங்கிவிடும். மழையில் கரிசல் மண் ஓடுதளம் சேறாகி விமானம் வராமற்போனதையும், மருந்துப் பெட்டி வருமோ வராதோ என்று காத்திருந்ததையும் ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்க முற்பட்டால் அவர் கவலையைத்தான் கூட்டுவேன். இங்கே அரை வாக்கியத்திலேயே கேட்பவர் தலையசைத்துவிடுவார். கிணறு தோண்டும் டச்சுக்காரர் ஒருவரும் எத்தியோப்பிய மருத்துவச்சி ஒருவரும் எனக்கு நெருங்கிய நண்பர்களானது இந்தப் பெஞ்சில்தான்.

நடைவழியில் ஓர் எடைக்கருவி நிற்கிறது. ஐ.நா. மனிதாபிமான விமானச் சேவையில் ஒருவருக்கு 20 கிலோ மட்டுமே அனுமதி என்பதால், புறப்படுவதற்கு முந்திய மாலை அதைச் சுற்றி ஒரு சந்தையே கூடிவிடும். யாரிடம் இரண்டு கிலோ மிச்சம், யாருடைய பாலாடைக்கட்டியை யார் சுமப்பது, மலக்காலில் உள்ளவருக்கான கண்ணாடியை யார் கையில் கொடுப்பது என்றெல்லாம் அங்கேதான் முடிவாகும். எடையில் தோற்றவை பக்கத்து அலமாரிக்குப் போகும்: பாதி தீர்ந்த வேர்க்கடலை வெண்ணெய், சூரிய விளக்கு, முழங்கால் வரையிலான ரப்பர் காலணி. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். பணம் கொடுத்துப் பெறும் எந்தச் சேவையையும் விட இதுவே இவ்வில்லத்தின் பெரிய வசதி என்பேன்.

குறையென்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டுமானால், அது வாடகையால் வருவது. களத்தில் என்னோடு தோளோடு தோள் நிற்கும் தென் சூடானியச் செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் எட்டாத தொகை இது. அவர்கள் நைரோபிக்கு வந்தால் ஈஸ்ட்லீயிலோ வேறெங்கோ உறவினர் வீட்டில்தான் தங்குகிறார்கள். ஆகவே உள்ளூர்க்காரர் யாருமில்லாத மேசையில் அமர்ந்து அவர்கள் ஊரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. போதகர்களுக்கு ஒரு சலுகைக் கட்டணம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதை உள்ளூர் அமைப்புகளின் பணியாளர் அனைவருக்கும் விரித்தால், பேச்சின் தரமே உயரும். அவர்களில் ஒருவரை விருந்தாளியாக இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்க இல்லத்தார் தடை சொல்வதில்லை, ஒரு சாப்பாட்டின் விலையைக் கட்டினால் போதும். நான் அப்படி அழைத்துவந்த செவிலியர், மேசையில் நடந்த பேச்சில் இரண்டு தகவல்களைத் திருத்தினார். இரண்டும் நியாயமான திருத்தங்களே.

தனிமையும் அமைதியும் தேடுவோருக்கு இவ்விடம் ஒத்துவராது. காலை ஆராதனையில் கலந்துகொள்வது கட்டாயமில்லை, வராதவரை யாரும் விசாரிப்பதுமில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலிருந்து தப்ப வழியில்லை. களத்தில் மனம் நொந்து வந்தவர் முதல் இரண்டு நாள் வேறெங்காவது தூங்கிவிட்டு இங்கே வருவதே சரி.

முன்பதிவு செய்வோர் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கிஜாபே மலைச்சரிவில் 1906-ல் தொடங்கப்பட்ட ரிஃப்ட் வேலி அகாடமியில் படிக்கும் மிஷனரிப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. அவர்களை அழைத்துப் போக வரும் பெற்றோரால் அறைகள் நிரம்பிவிடும். ஜூலையில் வருபவர் கம்பளிச் சட்டை கொண்டுவரட்டும். கடைக்குப் போகத் துணிப்பையும் வேண்டும், ஏனெனில் பிளாஸ்டிக் பைகளைக் கென்யா 2017-லேயே தடைசெய்துவிட்டது. அறை கேட்கும்போது தோட்டத்துப் பக்கத்து அறையையே கேளுங்கள். சாலையோர அறைகளில் விடியுமுன்பே மட்டாட்டு எனப்படும் சிற்றுந்துகளின் ஒலிப்பான் எழுப்பிவிடும்.