மேலமாசி வீதி டிஸ்க் கடையில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் பழைய டிவிடி விற்கும் சின்னக் கடையில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கடற்படை நகைச்சுவைப் படங்கள் அதில்தான் கிடக்கின்றன. முதலில் எடுக்க வேண்டியது 'அப் தி க்ரீக்' (1958).

வேலையில்லாமல் ஓரங்கட்டி நிறுத்திய போர்க்கப்பல். ராக்கெட் பைத்தியம் பிடித்த லெப்டினன்டாக டேவிட் டாம்லின்சன் அதற்குப் பொறுப்பேற்க வருகிறார். உள்ளே போசனாக (கப்பல் தள வேலைகளின் மேற்பார்வையாளர்) வரும் பீட்டர் செல்லர்ஸ் பன்றி, சலவை, ரம் என்று தனிக் கடையே விரித்திருக்கிறார். கேள்வி கேட்டால் அயர்லாந்துப் பேச்சு இழுவையில் பணிவாகச் சமாளிக்கிறார். கேட்பவருக்கும் கோபம் வருவதில்லை, மரியாதை குறுக்கே நிற்கிறது. வடிவேலு ஊரில் வளர்ந்த கண்ணுக்கு முதல் கால்மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பொறுங்கள், சிரிப்பு முகத்தில்தான் இருக்கிறது.

ரம் ஏன் அத்தனை சிரிப்பு? 1970 வரை அந்தக் கடற்படையில் தினமும் ஆளுக்குச் சுமார் 71 மில்லி ரம் அளந்து ஊற்றினார்கள். கட்டாய ராணுவச் சேவை நடப்பில் இருந்த காலம், தியேட்டரில் பாதிப் பேருக்கு இதெல்லாம் பழக்கம். அதனால் படம் எதையும் விளக்குவதில்லை.

டிவியில் 'ஜூம்' போடவே போடாதீர்கள். படம் 2.35:1 அகலம். கறுப்புப் பட்டையை நீக்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ கால் பங்கு வெட்டுப்படும். ஓரத்தில் நிற்பவரின் முகம் போய்விடும். டிவிடிக்கு உலகத்தையே ரீஜன் என்று பகுதி பிரித்திருக்கிறார்கள்: பிரிட்டன் டிஸ்க் ரீஜன் 2, நம் ஊர் பிளேயர் ரீஜன் 5. திரையில் ரீஜன் பிழை காட்டினால் டிஸ்க் கெட்டதாக நினைக்க வேண்டாம், மல்டி-ரீஜன் பிளேயரில் ஓடும். கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்றலாம். குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்டால் அது பால் (PAL) என்ற டிவி முறையில் படம் 4% வேகமாக ஓடுவதால். சப்டைட்டில் உண்டா என்று பின்னட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த உச்சரிப்புக்கு அது அவசியம்.

அடுத்து 'தி பேபி அண்ட் தி பேட்டில்ஷிப்' (1956). கப்பலில் ஒளித்துவைத்த குழந்தையால் வரும் திண்டாட்டம்தான் கதை. இதில் நடித்த ஜான் மில்ஸும் ரிச்சர்ட் அட்டன்பரோவும் பிறகு 'காந்தி'யில் வைஸ்ராயாகவும் இயக்குநராகவும் சேர்ந்தவர்கள். 1921இல் காந்தி அரையாடைக்கு மாறியதும் இதே மேலமாசி வீதியில்தான்! முதல் படத்தின் தொடர்ச்சியான 'பர்தர் அப் தி க்ரீக்' கடைசியில் வாங்கினால் போதும். அதில் செல்லர்ஸ் இல்லை.

வாங்குமுன் டிஸ்கை டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் பெரும்பாலும் ஓடிவிடும், வட்டமாகச் சுற்றும் கீறல்தான் படத்தை நிறுத்தும். அப்படி இருந்தால் கடைக்கார அண்ணனிடம் டிஸ்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்.